பயந்த பிள்ளையும் பக்கத்தில் நிற்பவரும்

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு, நியூயார்க் நகரத்தில், மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்த ஒரு சிறுவன், வெள்ளை எலியைக் கண்டால் அலறினான். முயலைக் கண்டால் அதைவிட அதிகமாக அலறினான். அத்துடன் நில்லாமல், ரோமத்தால் தைத்த மேலங்கி, பறவையின் இறகு, ஒரு கைப்பிடிப் பஞ்சு ஆகிய உயிரற்ற வஸ்துக்களைக் கண்டும் மிரண்டான். மற்ற விஷயங்களிலெல்லாம் அவன் ஆரோக்கியமான, சூட்டிகையான பிள்ளைதான். மனோதத்துவ நூல்களில் 'பீட்டர்' என்ற பெயரால் மாத்திரம் அறியப்படும் இச்சிறுவனின் பயத்தைத் தெளிவிக்க மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண்மணி மேற்கொண்ட பிரயத்தனமும், அதை அவர் 1924-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட வரலாறும், பல வருஷ காலம் அதிகமாகக் கவனிக்கப்படாமல் கிடந்து, பின்னர் ஒரு வைத்திய முறைக்கே அஸ்திவாரமாக அமைந்தன. அம்முறையை வளர்த்தவர்களில் ஒருவரான ஜோஸப் வோல்ப் என்ற மனநல மருத்துவர், அந்த அம்மையாரை அதன் தாய் என்றே போற்றினார்.

இக்கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அது விஞ்ஞானத்துக்குப் பெருமை சேர்க்கும் கதை அன்று. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜான் வாட்ஸன் என்ற பேராசிரியரும், ரோஸலி ரேனர் என்ற அவருடைய உதவியாளரும், அச்சம் என்பது பழக்கத்தால் படியக்கூடியதுதானா என்று கண்டறிய விரும்பி, பதினொரு மாதக் குழந்தை ஒன்றின் முன்னே வெள்ளை எலியை விட்டு, அது ஆசையோடு கை நீட்டும் சமயம் பார்த்து, முதுகுக்குப் பின்னாலிருந்து இரும்புத் தண்டு ஒன்றைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளுக்குள், சத்தம் இல்லாமலே, எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அழத் தொடங்கியது. முயலுக்கும் நாய்க்கும் ரோம அங்கிக்கும்கூட அந்த அச்சம் பரவியது. தாங்கள் உண்டாக்கிய பயத்தை நீக்குவதற்கு முன்பே குழந்தை அவ்விடத்தை விட்டுப் போய்விட்டது என்பதையும் 1920-இல் வெளிவந்த கட்டுரையில் அவர்களே எழுதினார்கள். பிறர் பெற்ற பிள்ளையிடம் இப்படிப் பரிசோதனை செய்ய இன்று கண்ணியமான எந்தக் கலாசாலையும் இடங்கொடாது. ஆயினும், பயத்தைக் கற்பிக்க முடியுமானால் அதைக் கலைக்கவும் முடியாதா என்ற கேள்வி எஞ்சி நின்றது; அதை எடுத்துக்கொண்டவர், ரேனரின் கல்லூரித் தோழியான மேரி ஜோன்ஸ்.

அவர் முதலில் செய்த காரியம், வீடுகளில் பெரியவர்கள் காலங்காலமாகக் கையாண்டு வரும் உபாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை உண்மையிலேயே பலிக்கின்றனவா என்று பார்த்ததுதான். பயந்த பிள்ளையைச் சும்மா விட்டுவிட்டால் நாளடைவில் சரியாகிவிடும் என்பது ஒன்று. வாரக்கணக்கில் விட்டுப் பார்த்தார், பயம் அப்படியே இருந்தது. எடுத்துச் சொன்னால் தெளியும் என்பது இன்னொன்று. முயலுக்குப் பயந்த, ஐந்து வயது இன்னும் நிரம்பாத சிறுமி ஒருத்தியிடம் தினந்தோறும் பத்து நிமிஷம் முயல் கதைகள் சொல்லி, முயல் படங்களைக் காட்டி, முயல் பொம்மைகளைக் கொடுத்துப் பேசிவந்தார். சிறுமியும் தான் முயலைத் தொட்டுத் தடவியதாகவும் அழவே இல்லை என்றும் பெருமையாகப் பேசுமளவுக்கு முன்னேறினாள். ஆனால் வாரக் கடைசியில் நிஜ முயலைக் கொண்டுவந்தபோது, முதல் நாள் ஓடிய ஓட்டத்துக்கும் அன்று ஓடிய ஓட்டத்துக்கும் பேதம் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் ரோஷம் வந்து தைரியம் பிறக்கும் என்பதும் பொய்த்தது. கேலியினால் பயம் குறையவில்லை. கவனத்தை வேறு பக்கம் திருப்புவது அந்த நேரத்துக்கு மட்டும் உதவியது. பலன் தந்தவை இரண்டே உபாயங்கள்: பயப்படாத பிள்ளைகள் அதே பிராணியோடு விளையாடுவதைப் பயந்த பிள்ளை பார்க்கும்படி செய்வது ஒன்று, அப்பிள்ளைக்குப் பிரியமான ஒரு பொருளோடும் வேளையோடும் அந்தப் பிராணியை மெல்ல மெல்லச் சேர்த்துக் கொண்டுவருவது மற்றொன்று.

பீட்டருக்கு இரண்டும் பிரயோகிக்கப்பட்டன. அச்சமற்ற மூன்று பிள்ளைகளோடு அவனை விளையாடவிட்டு, நடுவே முயலையும் கொண்டுவந்து வைத்தபோது, அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவந்தான். அந்தச் சமயத்தில் அவனுக்குச் செங்காய்ச்சல் கண்டு, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தது. குணமாகி வெளியே வந்து, தாதியோடு வாடகை மோட்டாரில் ஏறும் வேளையில், பெரிய நாய் ஒன்று அவர்கள்மேல் பாய்ந்தது. சிறுவன் மாத்திரம் பயந்திருந்தால் அதோடு போயிருக்குமோ என்னவோ, அந்தத் தாதியும் மிகவும் கலங்கிப்போனாள். வண்டிக்குள் பீட்டர் வெளிறிய முகத்தோடு ஒடுங்கிக் கிடந்தான் என்று ஜோன்ஸ் குறித்திருக்கிறார். அதுவரை தேறிய தேர்ச்சியெல்லாம் வீணாகி, அவன் பழைய நிலைமைக்கே திரும்பிவிட்டான்.

ஆகவே, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள். பீட்டர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தனக்குப் பிடித்த தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும் வேளையில், கூண்டில் அடைத்த முயலை அறையின் தூரத்து மூலையில் வைப்பார்கள்; அவன் வாய் மெல்லுவதை நிறுத்தாத தூரம் எதுவோ, அதுவே அன்றைய தூரம். சில நாள் சென்றபின் பன்னிரண்டு அடி, அப்புறம் நான்கடி, அப்புறம் மூன்றடி, பிறகு கூண்டு பக்கத்திலேயே வந்தது, பிறகு முயல் கூண்டை விட்டு வெளியே வந்தது, பிறகு வேறொருவர் பிடித்திருக்கும்போது பீட்டர் அதை ஒரு விரலால் தொட்டான், கடைசியில் அது தன் விரல்களைக் கொறிக்கும்படி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதில் அதிசயம் என்னவென்றால், பஞ்சுக்கும் இறகுக்கும் ரோம அங்கிக்கும் எவரும் தனியாகச் சிகிச்சை செய்யவில்லை. முயலின் அச்சம் நீங்கியபோது அவையும் உடன் நீங்கிவிட்டன. முன்பின் பாராத சுண்டெலியையும், குவியலாக நெளியும் மண்புழுக்களையும் காட்டியபோதுகூட, முதலில் சற்று அருவருத்தாலும், பின்னர் புழுக்களைக் கையில் எடுத்துக்கொண்டு எலியை வேடிக்கை பார்த்தான். இம்முறையை அவசரக்காரர்கள் கையாளக் கூடாது என்றும் ஜோன்ஸ் எச்சரித்தார். முயலைக் கொஞ்சம் வேகமாகக் கொண்டுவந்துவிட்டால், முயலின்மேல் பிரியம் வருவதற்குப் பதிலாகத் தின்பண்டத்தின்மேல் பயம் வந்துவிடக்கூடும்.

இந்தப் பழைய வரலாற்றை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. பீட்டரின் தாயாரைப் பற்றியும் அந்தக் கட்டுரையில் இரண்டொரு வரிகள் உள்ளன. எளிதில் கண்ணீர் விடும் சுபாவமுள்ள அந்த அம்மாள், தெருவில் விளையாடும் மகனை வீட்டுக்குள் வரவழைக்க வேண்டுமென்றால், யாரோ அவனைத் திருடிக்கொண்டு போக வருகிறார்கள் என்று சொல்லி அச்சுறுத்தி அழைப்பது வழக்கமாம். இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் பூச்சாண்டியின் ஞாபகம் வராமல் இராது. சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி, தூங்காவிட்டால் மூன்று கண்ணன், அடம் பிடித்தால் போலீஸ்காரர், மருந்து குடிக்காவிட்டால் ஊசி போடும் டாக்டர் என்று நம் வீடுகளில் நடக்கும் இந்த மிரட்டல், பெரியவர்களுக்குச் சில நிமிஷ சௌகரியத்தைத் தருகிறதே ஒழிய, குழந்தைக்கு அதன் விலை அதிகம். ஆபத்து வந்தால் ஓடி அண்டவேண்டிய டாக்டரையும் போலீஸ்காரரையும் பகைவர்களாக்கிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை அழுகிறதே என்று அங்கலாய்ப்பதில் நியாயம் இல்லை.

பயமே இல்லாத பிள்ளை வேண்டும் என்று யாரும் ஆசைப்படவும் கூடாது. எட்டு மாத வாக்கில், அதுவரை எவர் தூக்கினாலும் சிரித்த குழந்தை புது முகத்தைக் கண்டு முகம் சுளித்து அழுவதும், ஒரு வயதை ஒட்டித் தாய் சமையலறைக்குள் மறைந்தாலே கதறுவதும், அறிவு வளர்ந்திருப்பதற்கு அடையாளம்; தெரிந்தவர் இன்னார், தெரியாதவர் இன்னார் என்று பிரித்தறியும் சக்தி வந்த பிறகுதானே அந்த அழுகை வருகிறது! இரண்டு வயதுக்கு மேல் இடி, மிக்ஸியின் இரைச்சல், நாய், இருட்டு. நான்கு ஐந்து வயதில், கற்பனை விரியும்போது, பேயும் பிசாசும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பவனும். ஏழு எட்டு வயதில், காயம், நோய், அம்மா செத்துப்போய்விட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம், வகுப்பில் டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்பது. இப்படியாக, அந்தந்தப் பிராயத்துக்கு உரிய பயங்கள் வந்து, பெரும்பாலும் தாமாகவே போய்விடுகின்றன. சில பயங்கள் போகவே கூடாதவை. பழக்கமில்லாத தெருநாயிடம் எச்சரிக்கையாக இருப்பது விவேகம். அந்தப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கவேண்டியது ஓடாமல் நிற்பதையும், நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காமல் உடனே சொல்லிவிடுவதையுமே அன்றி, எந்த நாயையும் தடவிக்கொடுக்கும் வீரத்தை அன்று.

சுபாவத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஜெரோம் கேகன் என்ற அறிஞர், நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் வாசனைகளையும் குரல்களையும் காட்டி ஆராய்ந்தபோது, சுமார் ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகால்களை உதறித் துடித்து அழுவதைக் கண்டார். அத்தகையவர்களில் பலர் பின்னாளில் புதியவர்களிடம் ஒட்டாமல் ஒதுங்கும் கூச்ச சுபாவிகளாக வளர்ந்தார்கள். ஆனால் எல்லோரும் அப்படி ஆகிவிடவில்லை. பிறவிக் குணம் என்று பெற்றோர் தம்மையே நொந்துகொள்ளவும் வேண்டாம். நொந்துகொள்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகட்டி இருக்கவும் வேண்டாம்.

பெரியவரின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு, தாதியும் நாயும் சம்பந்தப்பட்ட அந்தச் சம்பவத்தைவிடத் தெளிவான சான்று ஒன்று 1985-இல் வெளிவந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், ஒரு பாதி தரை மட்டமாகவும் மறுபாதி ஓரடி ஆழம் இறங்கியதாகவும் தோன்றும்படி ஒரு மேஜையை அமைத்து, முழுவதையும் கெட்டியான கண்ணாடியால் மூடி, ஒரு வயதுக் குழந்தைகளை அதன்மேல் தவழவிட்டார்கள். விழுவதற்கு வழியில்லை, ஆனால் பள்ளம்போல் தெரியும் இடத்துக்கு வந்ததும், கடக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் குழந்தை தயங்கி, எதிர்ப்புறம் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கும். அந்தத் தாய் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. முகபாவம் மாத்திரம் காட்டலாம். மகிழ்ச்சி காட்டிய முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் கடந்து போயின. அச்சம் காட்டிய முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில், "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதே" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கண் கலங்கி, கை பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடியே நிற்கும் தாயின் எந்தச் சொல்லை அந்தப் பிள்ளை நம்பும் என்பது இதிலிருந்து விளங்கும்.

பயம் வந்தால் தேகத்தில் நடப்பதையும் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்று ஒரு சிறு பாகம் உண்டு. ஆபத்து என்று அதற்குத் தோன்றிய மாத்திரத்தில், யோசிக்கும் பாகம் விசாரித்து முடிப்பதற்குள், அது உடம்பு முழுவதையும் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்திவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, மூச்சு மேலெழும்புகிறது, வயிற்றின் சீரண வேலை தடைபடுகிறது. எனவேதான், காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. விடுமுறை நாளில் வலி வருவதில்லையே என்று குறுக்கு விசாரணை செய்து அதைப் பொய்யனாக்குவது, பயத்தோடு அவமானத்தையும் சேர்த்துக் கொடுப்பதே ஆகும். (இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறைதல் ஆகியவை கூட இருந்தால், அது வேறு விஷயம், முதலில் குழந்தை வைத்தியரிடம்தான் காட்டவேண்டும்.) அந்தப் படபடப்பைத் தணிக்கச் சிறு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய எளிய பயிற்சி ஒன்று உண்டு: மெதுவாக மூக்கால் இழுத்து, சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் வாயைக் குவித்து, நீளமாக மூச்சை வெளியே விடுவது. பயம் இல்லாத வேளையில் விளையாட்டாகப் பழக்கி வைத்திருந்தால்தான், பயம் வந்த வேளையில் அது கை கொடுக்கும்.

இனி, பயந்த பிள்ளையிடம் பெரியவர்கள் செய்யும் இரண்டு வகைத் தவறுகளைப் பார்ப்போம். அதட்டுவதும் கேலி செய்வதும் ஒரு வகை. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்பது அவ்வகையில் சேர்ந்தது. அதன் தீங்கு எல்லோரும் அறிந்ததே. மற்றொரு வகை அன்பின் உருவத்தில் வருவதால் கண்டுகொள்வது கடினம். பிள்ளை இருட்டுக்குப் பயப்படுகிறது என்று ஒவ்வோர் அறைக்கும் கூடவே போவது, விருந்தினரிடம் பேசக் கூச்சப்படுகிறது என்று அதற்குப் பதிலாகத் தாமே விடை சொல்வது, பள்ளியில் அழுகிறது என்று இன்று ஒரு நாள், நாளை ஒரு நாள் என வீட்டிலேயே நிறுத்திக்கொள்வது, "அம்மா, மத்தியானம் வருவியா?" என்று பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் சத்தியம் செய்து கொடுப்பது ஆகிய இவையெல்லாம் அந்தக் கணத்தில் பிள்ளையின் அழுகையை நிறுத்துகின்றன, நிறுத்துவதனாலேயே, தப்பி ஓடியதால்தான் பிழைத்தோம் என்ற பாடத்தையும் கற்பித்துவிடுகின்றன. அடுத்த நாள் பயம் இன்னும் ஒரு படி ஏறி நிற்கும். பெரியவரும் இன்னும் ஒரு படி இறங்கிக் கொடுப்பார்.

இதில் பெரியவர் தம் நடத்தையை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யேல் சர்வகலாசாலையில் எலி லெபோவிட்ஸ் என்பவர் தலைமையில் ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பதற்ற நோயுள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு வழக்கப்படி பிள்ளையிடமே நேரடியாகச் சிகிச்சை செய்தார்கள். மறு சாராரில் பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைக்கவே இல்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். இரு சாராரிலும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். அந்தப் பெற்றோர் கற்றுக்கொண்ட காரியங்கள் இரண்டுதான். பிள்ளையின் பயத்துக்காகத் தாம் செய்துவரும் சலுகைகளில் ஒன்றை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கோபமில்லாமல் நிறுத்திவிடுவது. பயத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு வார்த்தையையும் பிள்ளையின் சக்தியில் தமக்குள்ள நம்பிக்கையைக் காட்டும் ஒரு வார்த்தையையும் சேர்த்தே சொல்லுவது. "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது கண்ணு, உன்னால தாங்கிக்க முடியும்னும் எனக்குத் தெரியும்." முதல் பாதியை மட்டும் சொன்னால் பிள்ளையோடு சேர்ந்து நாமும் பயந்ததாகும், இரண்டாவது பாதியை மட்டும் சொன்னால் அதன் துன்பத்தை நாம் காணவில்லை என்றாகும்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முதல் வாரம், எந்த ஊரிலும் எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் இந்த இரண்டு தவறுகளையும் ஒரே சமயத்தில் காணலாம். அவற்றுக்கிடையே மூன்றாவது ஒன்றும் நடக்கும்: குழந்தையின் கவனத்தை ஒரு பலூனிலோ மிட்டாயிலோ திருப்பிவிட்டு, அம்மா பின்பக்கமாக நழுவிப் போய்விடுவாள். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. அன்றைக்கு அழுகை நின்றுவிடலாம். ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா மாயமாகிவிடுவாள் என்று அறிந்துகொண்ட குழந்தை, அப்புறம் வீட்டிலும் புடவைத் தலைப்பை விடாது. சொல்லிக்கொண்டே போகவேண்டும், சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரே விதமாக, ஒரு முத்தமோ ஒரு கையசைப்போ கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பாராமல் போகவேண்டும். கடிகாரம் தெரியாத பிள்ளையிடம் பன்னிரண்டரை மணி என்பதில் அர்த்தம் இல்லை. "பாட்டுப் பாடி, சோறு தின்னு, கையலம்பினதும் அம்மா கேட்டுக்கிட்ட நிப்பேன்" என்று அதன் காலக்கணக்கில் சொல்லி, சொன்னபடியே நிற்கவும் வேண்டும். முதல் வாரத்தில் தாமதமாக வருவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

அழாத பிள்ளைக்குப் பயமில்லை என்று நினைத்துவிடுவதும் உண்டு. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர், 1952-இல், இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன லாரா என்ற சிறுமி தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சலனப்படமாக எடுத்துக் காட்டினார். அக்காலத்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் கூட இருப்பதற்கு அனுமதி கிடையாது. வந்து பார்ப்பதற்கும் கட்டுப்பாடு அதிகம். லாரா பெரிதாக அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, பொம்மையை அணைத்துக்கொண்டு, வரவர முகம் வாடி, கடைசியில் தாய் வந்தபோதும் ஒட்டாமல் திரும்பிக்கொண்டாள். முதலில் எதிர்ப்பு, பின்பு நம்பிக்கையிழப்பு, அதன்பின் விலகல் என்று, பிரிவில் குழந்தையின் மனம் கடக்கும் நிலைகளை ராபர்ட்ஸன் வகுத்தார். ஜான் பௌல்பி என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் செய்த பணி, 1959-இல் அந்நாட்டு அரசாங்கத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பிளாட் அறிக்கையில், பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்ற சிபாரிசாகப் பலன் தந்தது. அம்மாவும் அத்தையும் பாட்டியும் சோற்றுத் தூக்கோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடும் நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளின் ஒழுங்கீனத்தைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். இந்த ஒரு விஷயத்தில் அந்த ஒழுங்கீனம் அக்காலத்து இங்கிலாந்தின் ஒழுங்கைவிட உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊரில் பயந்த குழந்தைக்கு வேறு ஒரு பரிகாரமும் நெடுங்காலமாக உண்டு. குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு அழுதால் வேப்பிலை அடிப்பார்கள், திருநீறு போடுவார்கள். மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாயிலில் மதபேதமின்றித் தாய்மார்கள் பிள்ளைகளை ஏந்தி நிற்க, தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். இதைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. முகத்தில் கலக்கமில்லாத ஒரு பெரியவர், எல்லாம் சரியாகிவிடும் என்ற நிச்சயத்தோடு தலையில் கைவைப்பதும், அதைக் கண்டு தாயின் முகத்தில் தெளிவு உண்டாவதும், குழந்தைக்கு நன்மையே செய்யும். ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் பயத்துக்கு அதுவே போதும் என்று இருந்துவிடுவதும், சூடு போடுவதுபோன்ற கொடுமைகளில் இறங்குவதும் கூடாது.

பீட்டருக்குச் செய்ததை வீட்டில் எப்படிச் செய்வது? இரவில் கொல்லைப்புறக் கழிப்பறைக்குத் தனியே போகப் பயப்படும் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து, எது மிகவும் பயம், எது கொஞ்சம் பயம் என்று அதன் வாயாலேயே கேட்டு வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். அப்பா கூடவே வந்து கதவருகில் நிற்பது கீழ்ப்படி; சமையலறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பது அடுத்தது; பேசாமல் நிற்பது அதற்கடுத்தது; அப்பா கூடத்திலேயே இருக்க, பிள்ளை டார்ச் விளக்கோடு தானே போய் வருவது, பிறகு டார்ச் இல்லாமல் போவது என்று மேலே செல்லலாம். ஒரு படியில் மனம் அமைதியாகும் வரையில் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஏறியதற்காகச் சிறு பரிசோ பாராட்டோ உடனே கிடைக்கவேண்டும். நடுவே ஏதேனும் அதிர்ச்சி நேர்ந்து பின்வாங்கினால், பீட்டரையும் அந்த நாயையும் நினைத்துக்கொண்டு, கோபிக்காமல் இரண்டு படி இறங்கி மறுபடி தொடங்கவேண்டும். அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்வது விசேஷம். பெரியவர் பத்து வார்த்தை சொல்வதைக் காட்டிலும், சக பிள்ளை ஒன்று கவலையில்லாமல் செய்வதைப் பார்ப்பது அதிகப் பயன் தரும் என்பதை ஜோன்ஸும் கண்டார்.

வீட்டில் வாயாடியாக இருக்கும் பிள்ளை பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மாதக்கணக்கில் இருப்பதுண்டு. இதைத் திமிர் என்றும் அழுத்தம் என்றும் ஆசிரியர்கள் தவறாக எண்ணித் தண்டிப்பதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கும் இதுவும் பதற்ற வகையைச் சேர்ந்த நோயே. தொண்டையில் கோளாறில்லை, பேச வேண்டாம் என்ற பிடிவாதமும் இல்லை, பேச முடியவில்லை. எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்வது இதை முற்றச் செய்யும். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் காலியான அறையில் அம்மாவோடு மட்டும் பேசச் செய்து, பிறகு டீச்சர் தூரத்தில் ஏதோ வேலையாக இருக்கையில் பேசச் செய்து, பிறகு அவர் அருகில் வர வர அவருக்கும் ஒரு வார்த்தை என்று, இங்கும் படிப்படியாகவே போகவேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். பிரிவைப் பற்றிய அச்சம் நான்கு வாரத்துக்கு மேலும் குறையாமல் நீடித்தாலும், பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் மாதம் கழிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேலாகப் பேச்சு எழாவிட்டாலும், தூக்கம், சாப்பாடு, விளையாட்டு, படிப்பு ஆகியவை பயத்தால் கெட்டாலும், வீட்டில் எல்லோரும் அப்பிள்ளையின் பயத்தைச் சுற்றியே நாளை நடத்தும்படி ஆகிவிட்டாலும் காத்திருக்க வேண்டியதில்லை. திடீரென்று ஒரு குறிப்பிட்ட மனிதரைக் கண்டோ ஓர் இடத்துக்குப் போகவோ பிள்ளை அஞ்சத் தொடங்கினால், படிப்படியாகப் பழக்கும் வேலையில் இறங்காமல், அங்கே என்ன நடந்தது என்று நிதானமாக விசாரிப்பது முதற் கடமை. குழந்தைகளுக்குக் கொடுமை நேர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். மற்றப்படி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசி யோசனை கேட்கலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மாத்திரை முதல் சிகிச்சை அன்று என்பதை அறிந்தால், பல பெற்றோர்களின் தயக்கம் நீங்கும்.

டாக்டரிடம் அழைத்துப் போகும்போது எங்கே போகிறோம் என்பதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். பொருட்காட்சிக்குப் போவதாகப் பொய் சொல்லி அழைத்து வந்தால், அடுத்த தடவை உண்மையிலேயே பொருட்காட்சிக்குக் கிளம்பும்போதும் அது அழும். "உனக்கு வர்ற பயத்தைப் பத்திப் பேசப் போறோம், இன்னிக்கு ஊசி கிடையாது" என்று, அது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல்லலாம். போவதற்கு முன் ஒரு வாரம், எந்த வேளையில், எங்கே, எதைக் கண்டு பயம் வந்தது, பிள்ளை என்ன செய்தது, அப்போது வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் வைத்தியருக்குப் பெரிய உதவியாக இருக்கும். முதல் நாலு விஷயங்களைப் பெற்றோர் மறவாமல் எழுதிவிடுவார்கள். ஐந்தாவதைத்தான் விட்டுவிடுவார்கள், அதை வைத்தியர் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.